பத்மகுமார் வீட்டில் வெள்ளம் வந்தது

இனி ஷார்ஜா பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று பத்மகுமார் முடிவு கட்டியது, பெற்ற மகள் அவனுக்குக் கொடுத்த பட்டத்தினால்தான். போன விடுமுறைக்கு வந்து காரில் இருந்து இறங்கியபோது அஸ்வதி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, பெட்டியோட ஒரு மாமன் வந்திருக்கு" என்று சொன்னாள். வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டேதான் குளியலறைக்குள் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாகர்கோவில் பக்கம், நெய்யூருக்கு அடுத்த ஊர்க்காரன். ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையப் படித்து, மீசை சரியாக அரும்புவதற்கு முன்பே விமானம் ஏறியவன். அரபிகள் குடும்பத்தோடு வாழ்வதற்கு எத்தனையோ வீடுகளை வரைந்து தள்ளிவிட்டான். எந்த அறையில் பிள்ளைகள் படுப்பார்கள், எந்த ஜன்னலில் காலை வெயில் விழும் என்றெல்லாம் யோசித்து யோசித்துக் கோடு போடுவான். மாலையானால் தன் அறைக்குப் போய் இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் ஏறிப் படுத்துக்கொள்வான். கல்யாணம் முடிந்து இத்தனை வருஷத்தில் சுஜாவோடு சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

அவன் வேலை பார்த்த ஆபீசில் தலைமை வரைவாளராக இருந்தவர் முருகதாஸ், கருங்கல் ஊர்க்காரர். அவர்தான் முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகப் பேசி ஒரு வழி பண்ணினார். பத்மகுமார் ஊரிலிருந்தே வரைந்து அனுப்பட்டும். நோன்பு தொடங்கும்வரை பரீட்சை மாதிரி பார்க்கலாம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் படங்கள் மொத்தமும் அதற்குள் பிசகில்லாமல் வந்து சேர்ந்துவிட்டால், பிறகு அவன் ஷார்ஜாவுக்கு வரவே வேண்டாம். இல்லையென்றால் திரும்பி வரவேண்டும், அல்லது அந்த இடத்துக்கு வேறு ஆள்.

இப்படி ஒரு வரம் கிடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? நாகர்கோவிலுக்குப் போய், பெரிய கம்பெனியின் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூன்று வருஷம் வாரண்டி. கோளாறு என்றால் வீட்டுக்கே ஆள் வரும். படம் வரையும் மென்பொருளுக்கு ஷார்ஜா ஆபீசிலிருந்தே உரிமம் தந்தார்கள். அது அந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான் செல்லும்.

முதல் சில வாரங்கள் சொர்க்கம். மேசைக்கு அடியில் பெட்டி முனகிக்கொண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த அஸ்வதி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, "இது யாருக்க அடுக்களை?" என்று திரையைக் காட்டிக் கேட்பாள். மாமன் பட்டம் எப்போது பறிபோனது என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் காய்ச்சலில் கிடந்தவள் தூக்கத்தில் "அப்பா" என்று கூப்பிட்டாள். சுஜா எழுந்திருக்கப் போனவள், கூப்பிட்டது தன்னையில்லை என்று தெரிந்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. கோடு பாதி போய்க்கொண்டிருக்கும்போதே அப்படியே நிற்கும். அம்புக்குறி வளையமாக மாறிச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் அந்த வளையமும் நின்றுவிடும். விசிறி மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் போட்ட கோடெல்லாம் போச்சு. கோடு போடு, சேமி, கோடு போடு, சேமி என்று விரல் தேய்ந்தது. சேமித்துக்கொண்டிருக்கும்போதே நிற்க ஆரம்பித்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. சுஜா பெட்டியின் நெற்றியில் திருநீறு பூசினாள். நெற்றி எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்ததால் நாலு பக்கமும் பூசிவைத்தாள்.

கம்பெனிக்குப் போன் போட்டான். பாட்டுப் போட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றார்கள். முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு ஆள் வந்து பெட்டியின் பின்னால் இருக்கும் நம்பரைக் கேட்டார். பத்மகுமார் தரையில் படுத்து, மேசைக்கு அடியில் நுழைந்து, ஒட்டடையைத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். மறுநாள் வேறொரு ஆள். அவருக்கும் நம்பர் வேண்டும். எல்லாவற்றையும் அப்டேட் பண்ணச் சொன்னார். அடுத்தவர் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார். அழித்தான். உரிமத்தை மறுபடி ஏற்ற முருகதாசிடம் கெஞ்சினான். அவரும் முதலாளிக்குத் தெரியாமல் செய்து கொடுத்தார். புதிதாக ஏற்றிய பெட்டி அன்று சாயங்காலமே நின்றது. ஆளை அனுப்புங்கள் என்று கேட்டால், அதற்கு முன் சில படிகள் இருக்கின்றன சார் என்றார்கள். அவன் ஏறிய படிகளுக்கு மருந்துவாழ் மலை உச்சிக்கே போயிருக்கலாம்.

ஒன்று சொல்லவேண்டும். சென்னையிலிருந்து போனில் பேசும் இந்த ஆட்களிடம் அவன் தன் ஊர்ப் பேச்சைப் பேசமாட்டான். ஷார்ஜாவில் மற்ற மாவட்டத்துத் தமிழர்கள், "நீ மலையாளியா, தமிழா?" என்று கிண்டல் பண்ணிப் பண்ணி அவனுக்கு நாக்கில் ஒரு கூச்சம் விழுந்துவிட்டது. சென்னைக்காரர்களிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பான்.

ஒருநாள் ஒரு பெண் போனை எடுத்தாள். இத்தனை பேரில் அவள்தான் அவன் சொன்னதை முழுதாகக் கேட்டாள். இது மதர்போர்டு கோளாறாக இருக்கலாம், ஆளை அனுப்ப எழுதுகிறேன் என்றாள். பத்மகுமாருக்கு உயிர் வந்தது.

"கடைசியா ஒரு கேள்வி சார். சிஸ்டத்த எங்க வச்சிருக்கீங்க?"

"மேசைக்குக் கீழே, தரையில வச்சிருக்கேன் மேடம்."

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் இருந்து சுஜாவின் குரல் வீடே அதிரக் கேட்டது. "கேட்டியளா! வெள்ளம் வந்துட்டு! ஓடி வாருங்க!"

பஞ்சாயத்துக் குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். குடம், வாளி, சிமெண்டுத் தொட்டி எல்லாம் நிறைவதற்குள் நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. அவசரத்தில், துடைத்து வைத்திருந்த தமிழெல்லாம் பத்மகுமாரின் கையை விட்டுப் போயிற்று.

"மேடம், ஒரு மினிட்டு லைன்ல நில்லுங்க. வீட்டுல வெள்ளம் வந்துட்டு."

"என்ன சார் சொல்றீங்க? வெள்ளமா?"

"ஆமா மேடம். பயப்படாண்டாம். எங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும்."

"ஐயோ! குழந்தைங்க யாராவது இருக்காங்களா சார்?"

"பிள்ளையும் அவளுக்க அம்மையும் அதுலதான் நிக்காங்க."

"எவ்வளவு நேரம் சார் இருக்கும்?"

"ஒரு மணிக்கூறு. இண்ணு நல்ல வேகமாட்டு வருது."

"சார், நீங்க முதல்ல உங்க உயிரப் பாருங்க. சிஸ்டத்தப் பத்தி நாங்க பாத்துக்கறோம்" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

பத்மகுமார் நெகிழ்ந்துபோனான். குடத்தைத் தூக்கிக்கொண்டே, "தங்கமான பிள்ளை கேட்டியா சுஜா. நம்ம உயிரப் பாக்கச் சொல்லுதா" என்றான்.

பார்த்துக்கொள்கிறோம் என்றவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வெள்ளத்தில் சிக்கிய பொருளுக்கு வாரண்டி செல்லாது, இயற்கைப் பேரிடருக்குக் கம்பெனி பொறுப்பேற்காது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. தாங்களும் குடும்பத்தாரும் பத்திரமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம். அவன் நாலுமுறை வாசித்தான். வேறு யாருக்கோ போகவேண்டியது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு போன் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

போன் போட்டான். இந்தமுறை ஒரு ஆண்.

"எங்க ஊர்ல வெள்ளம்னா தண்ணி சார்!"

"அதான் சார். தண்ணி வீட்டுக்குள்ள வந்ததா நீங்களே சொல்லியிருக்கீங்க."

"வீட்டுக்குள்ள இல்ல, பைப்புல வந்தது!"

"அப்போ பைப் லீக்கேஜா சார்? அதுக்கும் வாரண்டி கிடையாது."

"குடிக்கிற வெள்ளம் சார்... இல்ல, குடிக்கிற தண்ணி!"

"குடிக்கும்போது சிஸ்டம் மேல சிந்திட்டீங்களா சார்?"

வாயைத் திறக்கத் திறக்கப் பெட்டிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. போனைச் சுவரில் எறியலாம் என்று ஓங்கிய கையை சுஜா பிடித்துக்கொண்டாள்.

வாரண்டி போனால் போகட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திங்கள்சந்தையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிஜோவின் கடைக்குப் போனான். சிஜோ திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, போர்டுதான் போயிருக்கு. போன்ல அந்தப் பிள்ளை சொன்னது சரி. ஆனா இது அவங்க கம்பெனிக்கு மட்டும் உள்ளது. வெளிய எங்கயும் கிட்டாது" என்று மூடிக் கொடுத்தான். வேறு கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆனால் உரிமத்தை மாற்றித் தர முதலாளியிடம் கேட்கவேண்டும். வீட்டில் வைத்து வேலை பார்க்க வக்கில்லை என்பதை அவர் வாயில் இவனே ஊட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

நாகர்கோவிலில் கம்பெனியின் சர்வீஸ் ஆபீசில் ஜெபதாஸ் என்று ஒருவர் இருந்தார். தேங்காப்பட்டணத்துக்காரர். கதையைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். பத்மகுமாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு மனசிலாவுது சாரே. நானும் வெள்ளம் குடிச்சு வளந்தவன்தான். ஆனா அவியளுக்க கம்ப்யூட்டருல வெள்ளம்னு பதிஞ்சாச்சே. மேலிடத்துல இருந்து மாத்தாம எனக்கு ஒரு ஸ்குரு கழத்த முடியாது."

மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் சான்றிதழ் கேட்டது. வெள்ளம் வரவில்லை என்று கிராம அலுவலர் எழுதித் தரவேண்டுமாம். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வந்தா வந்ததுன்னு எழுதலாம். வராததுக்கு நான் எங்க போய்ப் பாத்து எழுத?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பத்மகுமார் அந்த ஆபீஸ் வாசலிலேயே கிடையாய்க் கிடந்து, கடைசியில் அப்படியொரு காகிதத்தை வாங்கிவிட்டான். வராத வெள்ளம் வரவில்லை என்பதற்குச் சர்க்கார் முத்திரை குத்திய காகிதம். அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

காத்திருக்கும்போது வேலை காத்திருக்கவில்லை. பெட்டி பிழைத்திருக்கும் நிமிடங்களில் கோடு போட்டான். மேசை விசிறியைப் பெட்டிக்கு எதிரே வைத்துவிட்டுத் தான் வியர்வையில் நனைந்தான். அஸ்வதி மடியில் ஏற வந்தபோது, "போடி அங்கிட்டு!" என்று கத்திவிட்டான். அவள் அழவில்லை. தள்ளிப் போய்ச் சுவரோடு சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்காக இந்தப் பாடு படுகிறோமோ அவளையே விரட்டிவிட்டோமே என்று அவனுக்கு உறைத்தது. எழுந்துபோய்த் தூக்கக்கூட நேரமில்லை, திரையில் வளையம் சுற்ற ஆரம்பித்திருந்தது.

நோன்புக்கு முன் அனுப்பிய படங்களில் இரண்டு தளங்களின் படிக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. திருத்திய படம் சேமிக்கும்போது நின்றுபோய், பழையது போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அங்கே கண்டுபிடித்தார்கள்.

முருகதாஸ் கூப்பிட்டார். வழக்கமான கிண்டல் இல்லை. "மக்கா, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். முதலாளி ஒரே பேச்சா சொல்லிட்டாரு. வாறியா, இல்ல வேற ஆளப் போடட்டா?"

பத்மகுமார் சுஜாவைப் பார்த்தான். அவள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவேண்டாம் என்று சொல்லமாட்டாளா என்று இருந்தது. சொன்னால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து அவனுடைய பயணப் பெட்டியை இறக்கினாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கார் புறப்பட்டபோது அஸ்வதி தெருவரை ஓடிவந்தாள். ஏன் போகிறாய் என்று கேட்டுத் தொண்டை கிழிய அழுதாள். என்ன சொல்லித் தேற்றுவது? "கம்ப்யூட்டரு கெட்டுப் போச்சுல்லா மக்கா, அதனாலதான்" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

அவன் போன பிறகு ஒருநாள், மேலிடத்து அனுமதியோடு ஜெபதாஸ் நேரிலேயே வந்தார். ஒரு சாயா ஆறுவதற்குள் போர்டை மாற்றிவிட்டார். பத்மகுமார் ஷார்ஜாவுக்கே திரும்பிவிட்டான் என்று கேட்டதும் சாயாவை முழுதாகக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சுஜா அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தே கூப்பிட்டாள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. கட்டிலின் மேல்தட்டில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து பத்மகுமார் பார்த்தான்.

"கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. உங்க பிரச்சினை தீந்துட்டா மேடம்னு கேட்டாங்க" என்றாள் சுஜா.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? தீந்துட்டுன்னு சொன்னேன்."

அதற்குள் அஸ்வதி அம்மாவைத் தள்ளிக்கொண்டு திரை நிறைய வந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"அப்பா, கம்ப்யூட்டரு சரியாயாச்சு! நான் போட்டுப் பாத்தேன், நிக்கவே இல்ல. இனி வரலாம்லா? நாளைக்கு வாறியளா?"

"வாறேன் மக்கா" என்றான் பத்மகுமார். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கத் தொடங்கும்போதே இணைப்பைத் துண்டித்தான். கீழ்த்தட்டில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பாராமல் வாய்விட்டு அழுதான்.