சுல்தான் கடித்த காது

எனக்குப் பூனை ஆகாது. ஆனாலும் உசனார் காக்காவுக்காக மூன்று தரம் என் ஆட்டோவில் பூனை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருக்கிறேன். பக்கத்து வளவுக்காரர், எனக்கு அண்ணன் முறை, மாட்டேன் என்று சொல்ல முடியாது.

காக்கா ஏறாவூரில் மீன் வியாபாரி. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வாவிக்கரையில் மீன் எடுத்து, சைக்கிள் பெட்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்பார். மனைவி மௌத்தாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே சீவன் சுல்தான் என்ற செம்மஞ்சள் கடுவன் பூனை. எங்களிடம் நாலு வார்த்தை பேசாத மனிதர், அதனிடம் அன்றைய வியாபாரம் முழுவதையும் ஒப்புவிப்பார். மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

போன வருடம் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்ய ஒரு குழு வந்தது. செய்துவிட்டால் கடுவன்கள் அவ்வளவாகச் சண்டை பிடிக்காது என்று வீடு வீடாகச் சொன்னார்கள். காக்கா சுல்தானை மீன் பெட்டிக்குள் போட்டு, மேலே சாக்கை விரித்து, தன்னிடம் பூனையே இல்லை என்று சாதித்துவிட்டார். அல்லாஹ் கொடுத்ததை அறுப்பது பாவமாம். எந்த மௌலவியிடமும் அவர் கேட்கவில்லை, தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். பெட்டிக்குள் பூனை கத்தியதும், அதை மறைக்க அவர் இருமியதும் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கொஞ்ச நாள் பகிடியாக ஓடியது. உண்மையைச் சொன்னால், அவர் செய்தது பிழை என்று எனக்கும் படவில்லை.

ஒழுங்கை முனையில் காக்கா மீன் கழுவும் இடத்தில் எல்லாக் கடுவன்களும் கூடும். சுல்தான் கடித்தும் கடிபட்டும் வரும். காக்கா காயத்துக்கு மஞ்சள் பூசி, இன்று யாரை விரட்டினாய் என்று பெருமையாக விசாரிப்பார்.

இந்த வருடம் நோன்பு முடிந்ததும் சுல்தான் சாப்பாட்டை விட்டது. வாய்க்குள் முரசெல்லாம் புண், ஓயாமல் வீணீர் வடிந்தது. டவுனில் மிருக வைத்தியர் மேனுகா டொக்டர், கொரோனாவுக்குப் பார்த்தோமே, அது போன்ற ஒரு சின்னத் தட்டில் அதன் இரத்தத்தை விட்டார். இரண்டு கோடு விழுந்தது. மனிதருக்கு எயிட்ஸ் மாதிரிப் பூனைக்கு வரும் நோய் இது, மனிதருக்குத் தொற்றாது, பெரும்பாலும் சண்டையில் கடிக்கும்போதுதான் பரவும், கிருமியை அழிக்க மருந்தில்லை என்றார். சில பூனைகள் வீட்டுக்குள்ளேயே பல வருடம் இருக்குமாம். இதற்கு முற்றிவிட்டது.

“கருத்தடை செய்யல்லையா?” என்று கேட்டார். காக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு மணலை மீனை அவித்து, முள்ளெடுத்து, விரலால் மசித்து ஊட்டினார். அது வாயைத் திறக்கும், நோவில் கத்தும், மூடிக்கொள்ளும். ஊசி போட இன்னொரு தரமும் டவுனுக்குக் கொண்டுபோனோம். மீன்காரன் வீட்டுப் பூனை பட்டினியால் செத்தது. முருங்கை மரத்தடியில் புதைத்த அன்று அவர் வியாபாரத்துக்குப் போகவில்லை. எனக்கும் மனசு சரியில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒழுங்கை முனையில் திரிந்த ஓர் இளங்கடுவனைத் தூக்கிவந்தார். சுல்தானின் அதே நிறம். இந்த முறை அவரே வந்து ஆட்டோவைக் கேட்டார்.

“இவன வெளியில உடமாட்டன் தம்பி. ஒப்பரேசனும் செய்வம்” என்றார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார், எனக்கும் சந்தோசமாக இருந்தது.

மேனுகா டொக்டர் அதன் காதைப் பிடித்துப் பார்த்தார். நுனியில் ஒரு துண்டு இல்லை.

“இது எப்ப கடிபட்டது, ஐயா?”

காக்கா அந்தக் காதைத் தடவினார்.

“நோன்புக்கு முந்தி. எங்கட சுல்தான்தான் கடிச்ச.”

டொக்டர் தட்டை எடுத்து வைத்ததும் காக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோட்டைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு விழுந்திருந்தது. நான் சொல்ல முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

“இவன்ட காதக் கடிச்ச அண்டைக்கு சுல்தானுக்கு ரெண்டு மீன் கூடப் போட்டன்” என்றார்.