கண்டக்டர் வீட்டுப் பின்சி

பின்சியைப் பற்றி எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் "நல்ல பொண்ணு, ஆனா சிரிக்கவே மாட்டா" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். தினமும் ஒரு லட்சத்துச் சொச்சம் பேரைச் சிரிக்க வைக்கிறவள் அவள்தான் என்பது எங்கள் ஊர் இரிஞ்ஞாலக்குடா முழுவதிலும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே என் மதில். நடுவில் சந்து. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறாள், நான் கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் உட்காருகிறேன். ஆறு வருடமாக அவள் வண்டியில்தான் போய் வருகிறேன். கணவன் ஷிஜோ மஸ்கட்டில். வீட்டில் பதினொரு வயது நியா, நாலு வயது இரட்டையர் ஏபலும் ஆரோனும், அப்புறம் மாமனார் தேவஸி.

தேவஸி அப்பச்சன் முப்பத்திரண்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாரே தவிர, பஸ் அவரை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தால் "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க, நடுவுல எவ்வளவு இடம் கெடக்குது!" என்பார். குளியலறைக் கதவைத் தட்டி, "அடுத்த ஸ்டாப்புல இறங்கணும், வாசலுக்கு வா" என்பார். பஸ்ஸில் மணி ஒரு தடவை அடித்தால் நிறுத்து, இரண்டு தடவை அடித்தால் போ. அதே கணக்கில் எதையும் ஒரு தட்டு, இரண்டு தட்டு. ஆரோனுக்கு ஊட்டும்போதுகூடத் தட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் அவன் அடுத்த வாய் வாங்குவான்.

பழைய வண்டி சின்னது. அப்பச்சனுக்கு இடது முழங்கால் மடங்காது, அதனால் முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிடுவார். பின்னால் நியா, நான், எனக்கு இரண்டு பக்கமும் இரட்டையர், மடியில் மூன்று ஸ்கூல் பை. இரட்டையர் வண்டி ஏறின நாள் முதல் என் புடவையில் வாழைப்பழம் ஒட்டாத நாளை விரல் விட்டு எண்ணலாம். எட்டே காலுக்குச் சரியாக நியா சொல்வாள், "அம்மா, சார்ட் பேப்பர் நாளைக்குன்னு சொன்னேன்ல? அந்த நாளைக்கு இன்னிக்குத்தான்." பின்சி வண்டியைக் கடைப் பக்கம் திருப்புவாள். அப்பச்சன் முக்கில் இறங்கி, பழைய பஸ்காரர்களோடு டீ குடிக்கப் போவார். இறங்கினதும் கூரையில் இரண்டு தட்டு.

சாயந்திரம் ஆறு பத்துக்குத் திரும்புவோம். நான் என் வாசலில் இறங்கிக்கொள்வேன். அவள் வண்டியை முற்றத்தில் விட்டு இன்ஜினை அணைப்பாள், ஆனால் இறங்க மாட்டாள். கால் மணி நேரம் அப்படியே தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். முதலில் நான் பயந்துதான் போனேன். ஒரு நாள் முற்றத்துக்கே போய்க் கேட்டு விட்டேன்.

"ஏதாவது கஷ்டமா பின்சி?"

அவள் போனை நீட்டினாள். 'உள்ளே நகருங்க' என்று இணையத்தில் அவள் எழுதும் ஒரு பக்கம். வீட்டை பஸ் மாதிரி ஓட்டும் ஒரு வீட்டு கண்டக்டர், பயணிகளாக மூன்று பிள்ளைகள், டிரைவராக ஒரு அம்மா. "பிள்ளையை அடித்து வளர்ப்பதா, அணைத்து வளர்ப்பதா என்று கேட்கிறார்கள். முதலில் இன்னொரு காலுக்கு ஷூவைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், அப்புறம் சொல்கிறேன்." இந்த மாதிரி. நான் அங்கேயே நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

"வீட்டுக்குள்ள காலை வச்சா அப்புறம் அம்மா, மருமகள், சமையல்காரி, வாத்தியார். இந்தக் கால் மணி நேரம் மட்டுந்தான் சேச்சி நான் நானா இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அப்பச்சனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்" என்றாள்.

கூத்து என்னவென்றால், அந்தப் பக்கத்துக்கு முதல் ரசிகரே அப்பச்சன்தான். பெயரைப் பார்த்ததும் யாரோ பழைய கண்டக்டர் எழுதுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். ஒவ்வொன்றையும் குடும்பக் குழுவில் அனுப்பி, "இது அச்சு அசல் கொடகர ரூட்டு பவுலோஸ்! அவனும் வீட்டுல இப்படித்தான் பாத்ரூம் கதவைத் தட்டுவான்" என்று எழுதுவார். பவுலோஸும் பழைய கண்டக்டர், அவருடைய பரம விரோதி, டீக்கடையில் பக்கத்து நாற்காலி. பின்சி அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். நெஞ்சழுத்தக்காரி.

போன சித்திரையில் அப்பச்சன் திடீரென்று பிடிவாதம் பிடித்தார். பழைய வண்டியை விற்கணும், பெரிசு வாங்கணும்.

"இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் அப்பச்சா."

"ஓடும், யார் ஓடாதுன்னா? உள்ளே இடம் வேணும் மோளே, ஏழு பேர் வண்டி வாங்கு. நல்ல விசாலமா."

ஷிஜோவிடம் போனில் கேட்டால், "அப்பச்சன் முழங்காலுக்குக் கேட்கிறார் போல, வாங்கிடு" என்றான். நாங்களும் முழங்கால் என்றே நினைத்தோம்.

வண்டி வருவதற்கு முந்தின ஞாயிறு அப்பச்சன் கயிறு எடுத்துக்கொண்டு கேட்டை அளந்தார். வண்டியின் அகலத்தை விடக் கேட் முக்கால் சாண் அதிகம். "தாராளம்! கண்ணை மூடிக்கிட்டே உள்ளே விடலாம்" என்றார். அந்த கேட்டின் இரண்டு தூணின் மேலும் ஒவ்வொரு சிமென்ட் சிங்கம். வீடு கட்டின காலத்தில் ஆள் வைத்துச் செய்வித்தது. மழைக்காலம் முடிந்தால் அவரே பல்லுக்கு வெள்ளையும் நாக்குக்குச் சிவப்பும் அடிப்பார். பிள்ளைகளுக்குக்கூட அவர் அவ்வளவு பார்த்துப் பல் தேய்த்துவிட்டதில்லை.

புது வண்டியை நேரே சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள், பாதிரியார் அச்சன் ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளித்து அனுப்பினார். நான் சந்தில் நாலு எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தேன்.

"அச்சன் வெஞ்சரிச்சு ஆசீர்வாதம் பண்ணின வண்டிக்கு எதுக்கு எலுமிச்சை?" என்றார் அப்பச்சன், முன்சீட்டு ஜன்னல் வழியாக.

"இருந்துட்டுப் போகட்டுமே, அதுவும் சாமிதானே" என்றேன்.

"ஊறுகாய் போடு" என்றார்.

அப்புறம் கீழே இறங்கி, மடங்காத காலை நீட்டி நின்று, வண்டியின் வயிற்றில் படபடவென்று தட்டினார். போகட்டும், போகட்டும், இடது பக்கம் நிறைய இருக்கு, போகட்டும். பின்சி திருப்பினாள். இரண்டு தட்டு. இன்னும் திருப்பினாள். இரண்டு தட்டு. "நறுக்" என்று ஒரு சத்தம். முன்மூக்கு இடது சிங்கத்தின் தூணில், பின்பக்கம் என் மதிலில். சந்துக்குக் குறுக்கே வண்டி இறுகிப் போய் நின்றது. அதன் பிறகு அப்பச்சன் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

அகலத்தை அளந்த மனுஷன் திருப்பத்தை அளக்கவில்லை. கண்டக்டருக்கு இடம் தெரியும், வளைவு டிரைவருக்குத்தானே தெரியும்! இந்தப் பக்கம் மீன்காரர் ஸ்கூட்டர், அந்தப் பக்கம் ஸ்கூல் ஆட்டோ, நடுவில் ஹாரன் கச்சேரி. டீக்கடையிலிருந்து பவுலோஸ் நடந்தே வந்துவிட்டார்.

"தேவஸி, உள்ளே நகரச் சொல்லேன், நடுவுல எவ்வளவு இடம் கெடக்குது!"

சந்தே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. அப்பச்சன் மட்டும், இடித்த அதிர்வில் உடைந்துபோன சிங்கத்தின் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பத்துப் பேர் சேர்ந்து அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஒடித்து ஒடித்து வண்டியை வெளியே எடுத்தார்கள். முக்கில் வாசகசாலை மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள் பின்சி.

அங்கேயே உட்கார்ந்து இதையும் ஒரு பதிவாகப் போட்டுவிட்டாள். கை அரித்திருக்கிறது. "வீட்டு கண்டக்டர் ஏழு பேர் வண்டி வாங்கினார். அகலம் அளந்தார், உயரம் அளந்தார், திருப்பத்தை மட்டும் கர்த்தரிடம் விட்டார். கர்த்தர் சிங்கத்திடம் விட்டார்." ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. காலையில் பவுலோஸ் அதை அப்பச்சனுக்கே அனுப்பி, "அட தேவஸி, இந்தச் சிங்கத்தை எனக்குத் தெரியுமே! அப்போ இத்தனை நாள் வந்ததெல்லாம் உன் கதையா?" என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தட்டுச் சத்தம் இல்லை. குடும்பக் குழுவில் எதுவும் வரவில்லை. குளியலறைக் கதவு சும்மா கிடந்தது. நியா நாற்பது நிமிடம் குளித்தாள், கேட்க ஆள் இல்லை. மனுஷர் டீக்கடைக்கும் போகவில்லை.

இரண்டாம் நாள் சாயந்திரம் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள் பின்சி. "அந்தப் பக்கத்தை அழிச்சிடறேன் சேச்சி. ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்க வச்சுட்டேன். என் பிள்ளைங்களை வளர்க்கிறதே அவர்தான். இனி எந்த முகத்தோட அவர் முன்னாடி சோறு வைப்பேன்?"

"அழிச்சா சிங்கத்துக்குத் தாடை முளைச்சிடுமா? போய்க் கால்ல விழு, திட்டினா வாங்கிக்கோ. அழிக்கிறதெல்லாம் கோழை வேலை" என்று நான் சத்தம் போட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் சத்தம், ஏனென்றால் அந்தக் கால் மணி நேரத்தைத் தொலைத்தால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போது போன் ஒலித்தது. 'உள்ளே நகருங்க' பக்கத்தின் செய்திப் பெட்டிக்கு ஒரு கடிதம், அனுப்பியவர் தேவஸி. "மதிப்பிற்குரிய கண்டக்டர் அவர்களுக்கு. இத்தனை நாள் தங்கள் வண்டி தினமும் ஆறு பத்துக்கு முற்றத்தில் வந்து நிற்கும். பதிவு ஆறு இருபத்தைந்துக்கு வெளியாகிறது. பதினைந்து நிமிடம். முப்பத்திரண்டு வருடம் நான் டைம் பார்த்தவன். சீக்கிரம் வீட்டுக்கு வரவும். பிள்ளைகள் பசியாக இருக்கிறார்கள்."

பின்சி வண்டியைப் பூட்டினாள். தனியாகப் போக மாட்டேன் என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பச்சன் சாப்பாட்டு மேசையில் இருந்தார். எதிரே இரட்டையர்.

"அப்பச்சா, தப்பு பண்ணிட்டேன். அதை இன்னிக்கே..."

"நீயா எழுதறே எல்லாம்? அந்தச் சார்ட் பேப்பர், ஷூ, பாத்ரூம்?"

"ஆமா அப்பச்சா."

"வண்டியில உட்கார்ந்து இதைத்தான் பண்ணுவியா? சிரிச்சுக்கிட்டா?"

"ஆமா."

அப்பச்சன் ஊட்ட எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். பிறகு, "நான் ரெண்டு வருஷமா ஜன்னல் வழியாப் பார்க்கிறேன். நீ தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பே, தோள் குலுங்கும். இந்த வீட்டுக்குள்ள வர உனக்குப் பிடிக்கலை, அழுதுட்டு வர்றேன்னு நினைச்சேன். உன் மாமியார் ஏலி உயிரோட இருந்திருந்தா கேட்டிருப்பா. எனக்குக் கேட்க வாய் வரலை. பெரிய வண்டியா வாங்கச் சொன்னேன். அழறதுக்காவது பொண்ணுக்குக் காலை நீட்டி உட்கார இடம் இருக்கட்டும்னு" என்றார்.

பின்சி அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். ஆரோன் மட்டும் தாத்தாவிடம், "அப்பாப்பா, ரெண்டு தட்டு தட்டலையே" என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

"எனக்கு ரெண்டு நாளா கோபந்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அப்பச்சன், தட்டைத் தட்டிக்கொண்டே. "பவுலோஸ்னு நினைச்சு அவ்வளவு சிரிச்சேனே, அதுல எனக்கு வெட்கம். ஆனா எழுதினது நீன்னு தெரிஞ்சப்புறம் முதல்லேருந்து எல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. உயரம் நான் அளக்கலை, அதை மட்டும் திருத்திடு."

மறுநாள் கொத்தனார் வந்து, வண்டி திரும்ப இடம் கிடைக்க இடது தூணை இடித்தார். தாடை உடைந்த சிங்கம் இப்போது துளசிச் செடி பக்கத்தில் படுத்திருக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் சவாரி போகிறார்கள். பவுலோஸிடம் அப்பச்சன் கெத்தாகச் சொல்கிறாராம், "உன்னைப் பத்தி எழுத உன் வீட்டுல யாருக்காவது விஷயம் தெரியுமாடா?"

நேற்று எனக்கு லீவு, சாயந்திரம் என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆறு பத்துக்குப் புது வண்டி முற்றத்தில் வந்து நின்றது. இரட்டையர் "அம்மா!" என்று பாய்ந்தார்கள். அப்பச்சன் வாசலில் காலை நீட்டி மறித்துக்கொண்டார். "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க. டிரைவர் டீ குடிக்கிற நேரம்."

ஆறு இருபத்தைந்து ஆனது. அப்பச்சன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விந்தி விந்தி வண்டிப் பக்கம் போனார். கூரைக்கு மேலே கையை ஓங்கினார், ஒரு தட்டு தட்டத்தான். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பின்சி போனில் ஏதோ எழுதிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பச்சன் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.