யாழ்ப்பாணத்து வாக்குகள்

அந்த வாக்குச் சீட்டுகளை எரித்தவன் நான்தான். கப்பல் தாமதிக்கவில்லை, தபாற்கந்தோரில் தவறவுமில்லை. நான் எரித்தேன்!

சினிமாப் படத்துக்குப் போட்ட சீட்டுத்தானே என்று நீங்கள் சிரிக்கக்கூடும். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்தேன். சென்னையிலிருந்து வந்த சினிமாப் பத்திரிகை ஒன்றுக்கு இந்தப் பகுதி முழுவதற்கும் நானே ஏஜண்டு. ஆண்டுதோறும் அந்தப் பத்திரிகை ஐந்து படங்களைத் தெரிந்தெடுத்து, எதற்குப் பரிசு கொடுக்கலாம் என்று வாசகர்களையே கேட்கும். அவர்கள் சீட்டை வெட்டி நிரப்பி என் கடையில் தருவார்கள். நான் கட்டாகக் கட்டிக் கப்பல் தபாலில் சேர்ப்பேன்.

அந்த வருஷத்து ஐந்து படங்களில் ஒன்றின் கதாநாயகி என் தங்கை நாகம்மா.

திரையில் அவளுக்கு வேறு பெயர், ஒப்பனையில் முகமும் வேறு. ஆகையால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. அவள் நடிக்கப் போய்விட்டாள் என்று அறிந்த அன்று ஐயா எங்கள் ஊரான சண்டிலிப்பாயிலிருந்து கீரிமலைத் தீர்த்தம்வரை நடந்துபோய், அவளைத் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு திரும்பினார். அது போதாதென்று, எனக்கு உடுப்பிட்டியில் சம்பந்தம் பேசியபோது, தங்கை காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று நான் சொல்லிவைத்தேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

அந்த நாட்களில்தான் கடை விலாசத்துக்கு அவளுடைய கடிதம் வந்தது. “அண்ணை, பரிசு கிடைச்சால் பெரிய மனிசர் இருக்கிற சபையிலை வைச்சுத் தருவினம். அதை அறிஞ்சால் ஐயாவின்ரை மனம் இளகும். பரிசோடை ஊருக்கு வாறன். அம்மாவை ஒருக்கால் பாத்தால் போதும்...”

சீட்டுகள் குவிந்தன. வாத்திமார் தந்தார்கள், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார் தந்தார்கள், குருநகர் மீனவர்கள் மீன் வாடையோடு கொண்டுவந்து தந்தார்கள். அனேகமாக எல்லாவற்றிலும் அவளுடைய படந்தான்! இன்னாரின் பிள்ளை என்று அறியாமலே ஊர் அவளுக்கு அள்ளிக் கொடுத்தது.

அம்மாவுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “எனக்கும் ஒண்டு எழுது மோனை. ஐயாவுக்குத் தெரியவேண்டாம்,” என்றாள். எழுதினேன். அடுப்புக்கரியைப் பெருவிரலில் தேய்த்து, சீட்டில் அழுத்தினாள்.

“வடிவாய் விழுந்திட்டுதோ?”

“ஓம் அம்மா.”

பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. பரிசு பெற்ற நடிகையின் முகமும் சொந்தப் பெயரும் பிறந்த ஊரும் பத்திரிகையின் அட்டையில் வருவது வழக்கம். உடுப்பிட்டியார் அதைப் பார்த்தால்? காய்ச்சலில் செத்தவள் அட்டையில் சிரிப்பாளே! சம்பந்தம் முறிந்துவிடும்... பயம் மட்டுந்தானா? அவளுக்கு வந்த புகழில் எனக்குள் ஏதோ புகைந்ததும் உண்டா? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் புகையிலைக்குப் புகை போடும் குடிலில் தேங்காய்ப் பொச்சுமட்டை கனன்றுகொண்டிருந்தது. சீட்டுக் கட்டை அதற்குள் போட்டேன். அம்மாவின் சீட்டையும் போட்டேன்.

சொற்ப வாக்குகளால் பரிசு வேறு படத்துக்குப் போயிற்று. ஊர்வாரியாக அச்சிட்ட பட்டியலில், ‘யாழ்ப்பாணம் – வாக்குகள் வரவில்லை’ என்றிருந்தது. விசாரித்தவர்களிடம் தலைமன்னார்க் கப்பலின்மேல் பழியைப் போட்டேன். நாகம்மாவிடமிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது. “எங்கடை ஊரிலை ஒருத்தருமே இல்லையோ, அண்ணை?”

நான் பதில் எழுதவில்லை.

கலியாணம் சிறப்பாக நடந்தது. என் மனைவி மிக நல்லவள். கண்டே இராத மச்சாளுக்கு வருஷந்தோறும் விளக்கேற்றிப் படைத்தாள். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றேன்... உயிரோடிருக்கும் தங்கைக்கு!

மூன்றாம் வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள். ஐயா என்னை மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். “அவளுக்குத் தந்தி அடி. வந்து தாயின்ரை முகத்தைப் பாக்கட்டும். உன்ரை மனிசியிட்டை நான் கதைக்கிறன்.”

தலைமுழுகிய மனிதர் சொன்ன வார்த்தை இது! எந்தப் பரிசும் வராமலே அவர் மனம் இளகியிருந்தது. நானோ வேறொன்றை நினைத்து நடுங்கினேன். அவள் வருவாள், அம்மா தானும் சீட்டுப் போட்டதைச் சொல்வாள், இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்...

“அடிச்சிட்டன் ஐயா,” என்று மறுநாள் சொன்னேன். அடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். பறை அடிப்பவர்கள் வந்துவிட்டார்கள், பாடையும் தயார். ஐயா மட்டும் வாசற் படலையை விட்டு அசையவில்லை. “பின்னேர ரயில் வரட்டும். பேந்து தூக்கலாம்.”

யாருக்காக என்று சனம் குசுகுசுத்தது. எனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள் என்று அறிந்துகொண்டே நானும் அவரோடு தெருவைப் பார்த்து நின்றேன்! ரயில் வந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக எங்கள் வாசலைக் கடந்து போயின. கடைசி வண்டியும் போனபின், “பெத்த தாய்க்கும் வரேல்லை,” என்று ஐயா மெல்லச் சொன்னார். பிறகு தோளில் கிடந்த சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தாய் இறந்த செய்தியைக்கூட நான் அவளுக்கு எழுதவில்லை.

அதன்பின் ஐயா அவளுடைய பெயரை எடுத்ததே இல்லை. தம் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்தன்தான் மோனை எங்களைக் கைவிடேல்லை,” என்றார்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.