ஏழு மாடி விளக்குகளை அணைத்தவள்

தங்கை போராடி வாங்கியவற்றை அக்கா விரல் விட்டு எண்ணுவாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இது தேறாது என்று எல்லோரும் கைவிட்ட உயிர் ஒன்று. காய்ச்சலில் இழுத்துப்போன இடது காலைத் திரும்ப ஊன்றி நடக்க வைத்தது இரண்டு. பிடித்தவனையே கட்டிக்கொண்டது மூன்று. அதற்காக அப்பா இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபது பேர் வரிசையில் நின்ற துப்புரவு வேலையை, சூப்பர்வைசர் கண்ணெதிரே ஒரு கழிப்பறையைக் கழுவிக் காட்டி வாங்கியது நான்கு. ஐந்தாவதைச் சொல்லும்போது அக்காவுக்குக் குரல் கொஞ்சம் உயரும். அந்த ஏழு மாடி ஆபீஸில், எல்லோரும் கிளம்பிய பிறகு விளக்கையும் ஏசியையும் அணைக்கும் உரிமை.

அது சும்மா கிடைக்கவில்லை. தங்கையின் கணவன் ரோடு போடும் வேலை செய்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், உச்சி வெயிலில் கொதிக்கும் தாரோடு தாராக மயங்கி விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் தங்கை நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சிஸ்டர், வருஷா வருஷம் இப்படி ஏறிக்கிட்டே போகுது?" நர்ஸ் பொறுமையானவள். கரன்ட் எப்படி வருகிறது, அதற்கு எவ்வளவு கரி எரிகிறது, அந்தப் புகை மேலே போய் என்ன செய்கிறது என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் இறங்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்தாள்.

தங்கை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். குழம்புச் சட்டிக்கு மூடி இல்லாமல் அடுப்பு எரியக் கூடாது. இரண்டு நிறுத்தம் தூரத்துக்கு பஸ் வேண்டாம், நடை. ஆபீஸில் வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினாள். ஆனால் ஏழாவது மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஆளே இல்லாத அறைகளில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் சட்டிக்கு மூடி போட்டு என்னக்கா ஆகப்போகுது? அங்க ஒரு ஊரே எரியுது."

மூன்று மாதம் மேனேஜர் பின்னாலேயே நடந்தாள். கடைசியில் அவர், "சரிம்மா, அணைச்சுக்கோ. ஆனா எதை அணைக்கணும், எதைத் தொடக் கூடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? சுவிட்ச் போர்டுல எழுதி ஒட்டினாலும் படிக்கத் தெரியாதே" என்றார்.

அங்கேதான் அக்கா வந்தாள். அக்கா எட்டாவது வரை படித்தவள். தங்கை வீட்டிலேயே இருந்து துணி தைக்கிறவள். அவள் எட்டாவது முடித்த வருடம் வீடு நொடித்துப்போனதால், தங்கைக்குப் பள்ளிக்கூட வாசலே வாய்க்கவில்லை. சிவப்பு டேப்பிலும் பச்சை டேப்பிலும் சட்டைப் பொத்தானை வைத்து அளவெடுத்து, பிசிறில்லாமல் நூற்றிருபது வட்டங்கள் வெட்டிக் கொடுத்தாள். பச்சை என்றால் அணைக்கலாம், சிவப்பு என்றால் கையே வைக்கக் கூடாது. எந்த மாடியில் எந்த போர்டுக்கு என்ன நிறம் என்று, தங்கை சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதியும் வைத்தாள். அடித்தல் திருத்தல் ஒன்றுகூடக் கிடையாது.

ஆபீஸ்காரர்கள் தங்கைக்கு 'இருட்டு' என்று பேர் வைத்தார்கள். ஆறு மணிக்கு அவள் தலை தெரிந்ததும், "இருட்டு வந்துடுச்சு, கிளம்புங்கப்பா" என்பார்கள்.

"இருங்க சார், வேலை இருந்தா பாருங்க. கொட்டாவிக்கு எதுக்கு சார் ஏசி?" என்பாள் அவள்.

அந்த வருட மின்சார பில் இறங்கியது. ஆபீஸில் மின்சாரச் சிக்கனக் குழு என்று ஒன்று வைத்து, தங்கையையும் அதில் சேர்த்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளில் அவள் மட்டும் கட்டைவிரல் மையை ஒற்றினாள். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அக்கா, தையல் சாக்கட்டியால் வெட்டுத்துணியில் அவள் பெயரை எழுதிக் காட்டினாள். ஐந்து எழுத்து. வந்துவிட்டது. "நல்ல தாளாப் பார்த்து முதல்ல போடணும்க்கா" என்று தங்கை காத்திருந்தாள்.

இடையில் கணவனுக்கு மறுபடியும் முடியாமல் போய் தங்கை மூன்று நாள் லீவு போட்டாள். அந்த மூன்று நாளில் ஏழாவது மாடிக் கடைசி அறையிலிருந்த பழைய மேசை நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு, மொத்த ஆபீஸின் வேலையும் தங்கியிருக்கும் சர்வர் மெஷின்களை அங்கே கொண்டுவந்து வைத்துப் பூட்டினார்கள். கதவுக்கு வெளியே இருந்த போர்டில் எலக்ட்ரீஷியனே பச்சையைப் பிய்த்துவிட்டு ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டினார். தங்கையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மே மாதம் வெளியாட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று, போர்டுகளை எல்லாம் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைக்கச் சொன்னார்கள். தங்கை துடைத்தால் துடைத்ததுதான். ஏழாவது மாடிக் கடைசி போர்டின் வட்டம் துணியோடு வந்து, வாளியோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள்.

"அது என்ன கலர்க்கா? செவப்பா பார்த்த மாதிரி ஞாபகம்."

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். "ஏழாவது மாடி, கடைசி அறை, பழைய சாமான். பச்சை."

"இல்லக்கா, லீவு முடிஞ்சு போனப்ப..."

"ஞாபகம் தப்பும்டி, எழுத்து தப்பாது. இதோ எழுதியிருக்கேன்ல?"

தங்கை தலையாட்டினாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு பச்சை வட்டத்தை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை மாலை அந்த போர்டில் ஒட்டினாள், அணைத்தாள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அந்த அறை அடுப்பாக இருந்ததாம். ஏசி இல்லாமல் இரண்டு நாள் வெந்ததில் மெஷின்கள் பாதி செத்துப்போயிருந்தன. அன்றே எல்லா வட்டங்களையும் சுரண்டி எடுத்தார்கள். எந்த விளக்கையும் எந்த ஏசியையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்று மாலை தங்கை தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாளாம். ஏழு மாடியும் ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். அக்கா படித்தாள். நடந்த தவறுக்கு நானே பொறுப்பு என்றும், இனி எந்த சுவிட்சையும் அணைக்க மாட்டேன், மீறினால் வேலையை விட்டு நீக்கலாம் என்றும் தங்கை ஒப்புக்கொண்டு அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்கா தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். நோட்டைக் காட்டிச் சொல்றேன், தப்பு என்னோடதுன்னு."

"வேணாம்க்கா. வெளியாள்கிட்ட கேட்டு அணைச்சேன்னா, அது இன்னும் பெரிய தப்பாயிடும்."

"உனக்கு ஞாபகம் இருந்ததே. நான்தானே வாயை அடைச்சேன்."

உள்ளே படுத்திருந்த கணவன் இருமினான். தங்கை எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தாள். "இந்த வேலை இல்லாட்டி மாத்திரைக்கு எங்க போவேன், சொல்லு" என்றாள்.

இருந்தும் அக்கா மறுநாள் கூடவே போனாள். மேனேஜர் மேசையில் நோட்டைத் திறந்து வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நோட்டை மெதுவாக மூடி அவள் பக்கமே நகர்த்தினார்.

"யாரு தப்புன்னு நான் தேடலம்மா. எங்க ஆளும் சொல்லியிருக்கணும். ஆனா மேல இருந்து கேக்கறாங்க, ஒரு தாள் வேணும். அவ்வளவுதான்."

"அப்ப அந்த விளக்கெல்லாம் சார்?" என்றாள் தங்கை.

"அது இனிமே நம்ம கையில இல்லம்மா."

அவர் மை டப்பாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். தங்கை அதைத் தொடவில்லை.

"பேனா குடுங்க சார்."

இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்தபடி, ஐந்து எழுத்தையும் எழுதினாள். கோணல் இல்லை, பிசிறு இல்லை. பக்கத்தில் தேதி போடக் கட்டம் இருந்தது. அவளுக்கு எண் எழுத வராது. அக்கா பேனாவை வாங்கி, கட்டத்தை நிரப்பினாள்: 14-5-2025, புதன்கிழமை.