நின்ற கரும்பு

ராமமூர்த்தி அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தபோது என் இரண்டு கைகளிலும் கறுப்பு மை. திண்டிவனத்தில் என் வீட்டு மாடியில், படம் அச்செடுக்கச் செதுக்கி முடித்த மரக்கட்டை ஒன்றின்மேல் உருளையால் மை உருட்டிக்கொண்டிருந்தேன். முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"உங்க அக்கா போயிட்டாம்மா. விடிகாலையிலேர்ந்து மூச்சு வாங்கிகினே இருந்தா. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி. சாயங்காலம் எடுத்துடுவோம், ஜல்தியா வந்துடும்மா" என்றார். எங்கள் தேவகி அக்காவின் கணவர் அவர்.

உருட்டிய மையை அப்படியே விட்டால் காய்ந்துவிடும். அந்த ஒரு தாளை அச்செடுத்துவிட்டுத்தான் கை கழுவினேன். அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். பிறகு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து அக்காவின் ஊரான காணைக்குப் போனேன். பஸ்ஸில் அழுகை வரவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே போனேன்.

குயிலாப்பாளையத்துப் பக்கம் முந்திரித் தோப்பில் நடக்கும் ஓவியச் சந்தையிலும், விழுப்புரத்தில் பள்ளி மைதானத்தில் நடக்கும் சந்தையிலும் கடை போட்டவர்களுக்கு தேவகி அக்காவைத் தெரியாமல் இருக்காது. 'காத்துக் கரும்பு அக்கா' என்று நாம்தான் அவருக்குப் பெயர் வைத்தோம். பாசத்தோடு வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதை நம்மில் பலர் கேட்கவே இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் காற்றுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. முந்திரித் தோப்பில் என் கடையும் அவர் கடையும் பக்கத்துப் பக்கத்தில். கொடிக்கயிற்றில் நான் மாட்டியிருந்த அச்சுப்படங்கள் ஒரே வீச்சில் பறந்தன. அவர் எழுந்து வந்து நாலு படத்தைப் பொறுக்கிக் கொடுத்து, துணி காயப்போடும் கிளிப்புகளை ஒரு கை நிறையக் கொடுத்தார். "மேல மட்டும் போட்டா போதாது, கீழயும் போடு" என்றார். அவருடைய படங்கள் எல்லாம் நெடுக்கான தாள்கள். மேலும் கீழும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார். ஒரு தாளும் அசையவில்லை.

அந்தச் சந்தைகளில் எல்லோரும் கேட்கும் கேள்வி இரண்டு. உங்கள் இன்ஸ்பிரேஷன் என்ன, எப்படிச் செய்கிறீர்கள். எனக்கு அதற்கு ஒரு மனப்பாடம் உண்டு. மரத்தின் நினைவைத் தாளுக்கு மாற்றுகிறேன் என்பேன். கேட்டவர்கள் கண் விரியத் தலையாட்டுவார்கள். ஒருமுறை அவர்கள் நகர்ந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மரத்துக்கு இன்னா நெனப்பு இருக்கும் செல்வி? வெட்டிட்டானுங்களேன்னு இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் காதுபட அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தேநீர் குடிக்கப் போகும் சமயம் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய பதில்கள் அப்படி இருக்காது. இன்ஸ்பிரேஷன் என்னவென்று கேட்டால், "எங்க கழனிங்க" என்பார். எப்படி வரைகிறீர்கள் என்று கேட்டால் கையோடு செய்து காட்டுவார். நீள மயிர்த் தூரிகையை மையில் தோய்த்து, தாளின் அடியில் வைத்து, மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, உச்சி வரைக்கும் ஒரே கோடு. மணிக்கட்டு அசையாது. தோள்தான் நகரும். "கரும்பு கீழேர்ந்துதானே மேல வருது, நானும் அப்பிடித்தான் போறேன். நடுவுல மூச்சு விட்டா கோடு அங்க தடிச்சிடும், பாக்கறவங்களுக்கு கணு மாதிரி தெரியும். கணு எங்க வரணும்னு கரும்பு சொல்லணும், என் மூச்சு சொல்லக்கூடாது" என்பார். பிறகு கணுக்களை வைப்பார், கடைசியில் தோகை. ஒரு தாளில் நெருக்கமாக நிற்கும் கரும்புகள், அவ்வளவுதான் படம். வானம் இல்லை, ஆள் இல்லை.

அந்தப் படங்கள் அதிகம் போகவில்லை. தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்தன. வேலியா என்று கேட்டார்கள், மூங்கிலா என்று கேட்டார்கள். "கரும்புங்க" என்று சலிக்காமல் சொல்வார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அவர் கை நடுங்கத் தொடங்கியது. டீ கிளாஸைப் பிடிக்கும்போதுதான் நான் முதலில் கவனித்தேன். நரம்பில் கோளாறு, மாத்திரையில் கட்டுப்படும், குணமாகாது என்று விழுப்புரத்தில் டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த ஆண்டு குளிர்காலச் சந்தைக்கு அவர் கொண்டுவந்த படங்களில் கோடுகள் நேராக இல்லை. அடியில் நடுங்கி, நடுவில் வளைந்து, உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. தூரத்திலிருந்து பார்க்கும்போதே தாளுக்குள் காற்று வீசுவது தெரிந்தது.

கூட்டம் நின்றது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு தம்பதி ஒரு படத்தின் முன்னால் அசையாமல் நின்றார்கள். "இந்தக் காத்த எப்படி மேடம் கொண்டுவந்தீங்க? இது என்ன டெக்னிக்?" என்று கேட்டார் கணவர்.

"கை நடுங்குதுங்க" என்றார் அக்கா.

கேட்டவர் சிரித்துவிட்டார். எவ்வளவு தன்னடக்கம் பார் என்று மனைவியிடம் சொன்னார். நான் குறுக்கே ஏதோ சொல்லப்போனேன். வேண்டாம் என்று அக்கா கண்ணைக் காட்டினார். அன்றைக்கு இதே கேள்வியை யார் யாரோ கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் அதே பதிலைச் சொன்னார், எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் கொடிக்கயிறு காலி.

சாமான்களைக் கட்டும்போது, "உண்மைய சொன்னா சிரிக்கிறானுங்க. பேஜாரா இருக்கு செல்வி" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்குப் பட்டதைச் சொன்னேன். "அக்கா, நடுக்கமோ என்னமோ, படம் நல்லா இருக்கு. பழசைவிட நல்லா இருக்கு."

அவர் கட்டிக்கொண்டிருந்த கட்டைக் கீழே வைத்தார். "நீ டவுன்காரி. கரும்பு சாஞ்சா உனக்கு அழகு. சாஞ்ச கரும்புல எலி பூந்துடும். மண்ணு பட்ட எடத்துல வேர் வுடும், எடை போயிடும். வெட்டற ஆளு கழனிய பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினு போவான். அத்த போயி நல்லா இருக்குன்ற."

"நான் கரும்பைச் சொல்லலக்கா, படத்தைச் சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த வாக்குவாதம் முடியவே இல்லை. சந்தைக்குச் சந்தை எடுத்து வைத்துப் பேசுவோம். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததும் உண்டு. ஒன்றை மட்டும் நான் மெல்லப் புரிந்துகொண்டேன். அவர் போன பிறகு எந்தப் படத்துக்காக அவரை நினைப்பார்கள் என்பதுதான் அவர் கவலை. கண்ணெதிரே ஊரே அதை முடிவு செய்துகொண்டிருந்தது, அவருக்குப் பிடிக்காத பக்கமாக.

பிறகு விழுப்புரம் மைதானத்தில் மைக் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் தம் கலையைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு முன்னால் பேசியவர் பிரபஞ்சம் வரைக்கும் போய்விட்டு வந்தார். நானும் மரத்தின் நினைவைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டேன். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தும் அது ஆடியது.

"ஒரு வருசம் புயல் வந்துச்சி. வெட்டுக்கு ரெடியா இருந்த கரும்பு மொத்தமும் படுத்துடுச்சி. எங்க வூட்டுக்காரரு எழுந்துக்கவே இல்ல, சாப்பிடல, கழனி பக்கம் வரமாட்டேன்னுட்டாரு. நான் மட்டும் வரப்புல போய் உக்காந்துகினு, பழைய காலண்டர் தாளு பின்னால, அது எப்பிடி நின்னுச்சோ அப்பிடியே போட்டேன். கொண்டாந்து அவருகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, எழுந்து வந்து சோறு போடுன்னாரு. நீங்க கேக்கற இன்ஸ்பிரேஷன் அதாங்க. இப்ப என் கையே கரும்ப சாய்க்குது. வாங்கறவங்க வாங்குங்க, வேணான்னு சொல்லல. காத்துன்னு மட்டும் சொல்லாதீங்க."

மைதானமே கைதட்டியது. இனிமேலாவது பழைய படங்களைப் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு நப்பாசை. நடந்தது வேறு. அவர் கடைக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், நோயாளி வீட்டுக்கு வந்தவர்களைப் போல. சாய்ந்த படங்களை முன்னைவிட மரியாதையாகப் பார்த்தார்கள். அக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. இதற்கு அந்தப் பழைய சிரிப்பே மேல் என்றார்.

அன்று கடைசியாக வந்தவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து விவசாயி. மகளுக்கு ஏதோ பரிசு என்று பள்ளிக்கு வந்தவர், அப்படியே சந்தைக்குள் நுழைந்திருந்தார். சாய்ந்த படங்களை அவர் நின்று பார்க்கவில்லை. மூலையில் இருந்த பழைய படத்தின் முன் குனிந்து, "இது எந்த ரகங்க? கணுவுக்குக் கணு நீட்டா இருக்குதே. தண்ணி தட்டாம பாய்ச்சியிருக்கீங்க" என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். ரகம், பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தது வராதது, ஆலைக்காரன் எடை போடுவது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். படம் வாங்குகிற பேச்சே எழவில்லை. இத்தனை ஆண்டில் அக்காவின் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போன வருடம் ஒரு நாள் திண்டிவனத்துக்கு வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். கூடத்துச் சுவரில் சாய்ந்த கரும்பு ஒன்று தொங்கியது. அவரிடம் கேட்டால் தரமாட்டார் என்று வேறொரு ஆளை விட்டு வாங்கிய படம். அவர் திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். பேத்தியின் பரீட்சையைப் பற்றிப் பேசினார். அடுத்த சந்தையில் அதே அளவில் பழைய படம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"அத்த எறக்கிட்டு இத்த மாட்டு."

"ரெண்டும் இருக்கட்டுமேக்கா."

"ஒரு ஆணிதான் இருக்குது உங்க வூட்டு சுவத்துல. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்."

வீட்டுக்கு வந்தும் நான் அதை மாட்டவில்லை. படத்தைப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். அதுதான் அவருடைய கடைசிச் சந்தை என்று அப்போது தெரியாது.

காணையில் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ராமமூர்த்தி அண்ணன் இரண்டு கட்டுகளை எடுத்துவந்து வாசலில் வைத்தார். ஒன்று நின்ற கரும்பு, ஒன்று சாய்ந்த கரும்பு. அதற்குள் சந்தை நடத்துகிறவர்கள் எனக்கு போன் செய்திருந்தார்கள். அடுத்த சந்தையில் அவர் இடத்தில் 'காற்றுக் கரும்பு' படங்களை மட்டும் வைத்து ஓர் அஞ்சலி, நான் பேச வேண்டும் என்றார்கள். அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"உனக்கு எது சரின்னு படுதோ செய்மா. அந்தக் காலண்டர் தாளு மட்டும் என்கிட்ட இருக்கட்டும். அத்த பாத்துட்டுத்தான் இன்னிக்கும் சோத்துல கை வெச்சேன்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் நின்ற கரும்புக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த சந்தையில் அதைத்தான் மாட்டப்போகிறேன், மேலும் கீழும் கிளிப் போட்டு. சந்தைக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன்.

இதனால் நான் அவரோடு உடன்பட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். சாய்ந்த கரும்புதான் அவருடைய பெரிய படம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் இருந்திருந்தால் இதற்காக இன்னொரு சண்டை நடந்திருக்கும். அந்தச் சண்டைக்கு இனி ஆள் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

காணையிலிருந்து திரும்பியதும் கூடத்துப் படச்சட்டத்தைக் கழற்றினேன். சாய்ந்த கரும்பை எடுக்கவில்லை. அதன்மேல், அவர் கொடுத்த நின்ற கரும்பை வைத்து மூடி, அதே ஆணியில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன, வேலியா என்று கேட்கிறார்கள்.

கரும்புங்க என்கிறேன். நிற்கிறது பாருங்கள் என்கிறேன்.