எட்டாம் கட்டு

விமலேஸ்வரியிடம் ஒரு சட்டையைத் தைக்கக் கொடுத்தால் சொன்ன நாளில் கிடைக்காது. கிளிநொச்சியில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அவளிடம் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிவிட்டுச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்காமல் இருந்து பாருங்கள், சைக்கிளில் உங்கள் வாசலுக்கே வந்து நிற்பாள். தையல் அவளுக்குப் பிழைப்பு, புத்தகம் பிடிவாதம். கலியாணம் பேசி வந்த இரண்டு இடத்துக்காரர் அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் வந்த வழியே போனார்கள் என்று அவளுடைய அண்ணன் கதிர்காமநாதன் சொல்லுவான். அதில் அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அவளுடைய தகரப் பெட்டியில் நாற்பது புத்தகங்கள்வரை இருந்தன. இரவல் வாங்க வரும் பிள்ளைகள் எனக்கு உனக்கு என்று அடிபட்டது ஒன்றுக்குத்தான். ‘நாகமுனை’ என்று ஒரு தொடர், ஐந்து பாகம். முதல் பாகத்திலேயே முகிலன் என்ற பெடியன் புயலுக்குள் தோணியில் போகிறான். போகும்போது, ஊர்க் கோபுரத்து மணியை நான் திரும்பி வந்துதான் அடிப்பேன், அதுவரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிறான். தங்கை தாரகை அவனைத் தேடிப் புறப்படுகிறாள். நான்கு பாகம் முடிந்தும் மணி அடிக்கவில்லை. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் எப்படித் தூங்குவார்கள்?

சண்டையால் வன்னிக்கு வரும் பாதை பூட்டியிருந்த காலம். எழுதுகிற கொப்பிக்கே தட்டுப்பாடு, இதில் கதைப் புத்தகத்துக்கு எங்கே போவது? தொண்ணூற்றாறாம் ஆண்டு நடுவில், ஒரு லொறிச் சாரதியின் புண்ணியத்தில் ஐந்தாம் பாகம் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பிரதி. கேட்டு நின்றவர்கள் எட்டுப் பேர்.

விமலேஸ்வரி பிளேட்டை எடுத்தாள். முதுகு நூலை அறுத்து, பதினாறு பதினாறு பக்கமாக எட்டுக் கட்டாகப் பிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் சீமெந்துப் பையின் மண்ணிறத் தாளில் அட்டை போட்டு, தையல் மெசினில் ஓட்டி எடுத்தாள். திருவுளச் சீட்டு எடுத்து, எட்டுப் பேரின் பெயரையும் வந்த ஒழுங்கிலேயே ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் எழுதினாள். ஒன்பதாவதாகத் தன் பெயர். வாசித்தவர் பெயருக்கு நேரே கையெழுத்து வைக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்குக் கதையைச் சொல்லக்கூடாது. முடித்த கட்டு அடுத்த பெயர்க்காரருக்குப் போகும், ஆனால் மாற்றுவது சனிக்கிழமை மட்டும். அவளுடைய சட்டம் அவ்வளவுதான்.

முதல் சீட்டு அருந்ததிக்கு விழுந்தது. இரண்டாவது சுதாகரனுக்கு. அவனுடைய தாய் சிவலட்சுமி, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்தைவிட்டு வந்து வன்னியில் கூலி வேலை செய்து பிழைத்தவள். அவளுக்கு எழுத்து வாசனை இல்லை. மகன் வாசித்ததையெல்லாம் அன்றன்றைக்கே அவளுக்குச் சொல்லிவிடுவான். தாய் பட்டியலில் இல்லாதபடியால் சட்டம் அதைத் தடுக்கவில்லை.

புரட்டாதி பிறந்து கொஞ்ச நாள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சுதாகரன் ஏழாம் கட்டோடு ஓடி வந்தான்.

“அக்கா, நான் முடிச்சிட்டன். அருந்ததியும் எட்டாம் கட்டை முடிச்சிட்டாளாம். இண்டைக்கே வாங்கித் தாங்கோவன்.”

“சனிக்கிழமைதானே மாத்துறது. ரெண்டு நாள் பொறு.”

“மணி அடிக்குதோ இல்லையோ, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.”

“முடிவைக் கேட்டுப்போட்டு வாசிக்கிறவன் வாசிக்கத் தேவையில்லை. போ.”

வெள்ளிக்கிழமை விடியவே ஷெல் விழத் தொடங்கியது. சனிக்கிழமை கிளிநொச்சியில் கட்டு மாற்ற ஆளில்லை. எல்லோரும் மூட்டை முடிச்சோடு வீதியில் நின்றார்கள்.

விமலேஸ்வரி தையல் மெசினோடு புதுக்குடியிருப்பில் போய் இறங்கினாள். கொட்டில் போட்டு முடிந்ததுமே சைக்கிளை எடுத்தாள். பசிக்குப் பாண் ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும் நாட்டில் ஒரு கதைப் புத்தகத்தின் துண்டுகளைத் தேடி அலைகிறாளே என்று சனம் சிரித்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் மிதித்தாள். மற்ற ஆறு பிள்ளைகளையும் அவர்களிடமிருந்த ஆறு கட்டுகளையும் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. ஒன்றைக் கறையான் மூலையில் தின்றிருந்தது. இன்னொன்று ஒரு வீட்டில் சீனிப் பேணிக்கு மூடியாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரி வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஏழாம் கட்டு தானாக வந்தது. சிவலட்சுமி அதைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

“பய போயிட்டாம்மா. மலேரியா. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட மணி அடிச்சிச்சா, மணி அடிச்சிச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான் என்னத்தக் கண்டேன்? இத உங்ககிட்டச் சேத்துரச் சொன்னான்.”

அட்டையின் பின்னால், இரண்டாவது பெயருக்கு நேரே, சுதாகரனின் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. சிவலட்சுமி போன பிறகு விமலேஸ்வரி தையல் மெசினில் தலையை வைத்து அழுதாள். ரெண்டு நாள் பொறு என்று சொன்ன வாயை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எட்டாம் கட்டை எடுக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு கட்டினாள். ஆனால் அருந்ததியின் குடும்பம் வவுனியா போய்விட்டதாகக் கேள்வி. அங்கே போவதற்குப் பாஸ் வேண்டும், பாஸுக்குக் காரணம் வேண்டும். நாகமுனை ஒரு காரணம் ஆகாது.

காரணத்தைக் கண் கொடுத்தது. தொண்ணூற்றொன்பதில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. கண்ணாடி போட வவுனியா போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். திரும்பி வருவாள் என்று கதிர்காமநாதன் பிணை நின்றான். காத்திருந்து, இறங்கி ஏறி, பூவரசங்குளம் தாண்டி, அருந்ததி குடும்பம் இருந்த வவுனியா நெளுக்குளத்தில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நான்காம் நாள் ஆகியிருந்தது.

அருந்ததி வளர்ந்து பெரிய பெண்ணாகியிருந்தாள். கேட்க முதலே உள்ளே போய் எடுத்து வந்தாள்.

“உடுப்புப் பெட்டியை விட்டிட்டு இதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தனான் அக்கா. அதுக்கு அம்மா இண்டைக்கும் ஏசுவா.”

விமலேஸ்வரி அட்டையைத் திறக்கப் போனாள். அருந்ததி அதன் மேல் கையை வைத்தாள்.

“நீங்கள் ஒன்பதாவது ஆள். நீங்கள் போட்ட சட்டம்தானே.”

“நல்லா முடியுதோ, அதையாவது சொல்லு.”

“சொல்லமாட்டன். ரெண்டரை வருசமா வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். வாசிக்காமல் இருக்கிறதைவிட அது கஷ்டம் அக்கா.”

சுதாகரனின் செய்தியைச் சொன்னதும் அருந்ததி அட்டையைத் திருப்பி, தன் கையெழுத்துக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கட்டை விமலேஸ்வரியின் கையில் கொடுத்தாள்.

புதுக் கண்ணாடிக்கு எறும்பின் கால்கூடத் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எட்டாம் கட்டு மடியில் கிடந்தது. விமலேஸ்வரி அதைத் திறக்கவில்லை. சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்தவர் கட்டைப் பிரித்து, கோபுரப் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர்கூடப் பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

மற்ற ஆறு பிள்ளைகளும் எட்டாம் கட்டை முறைப்படி வாசித்தார்கள். ஒருத்தன் சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை என்ற முகத்தோடு கொண்டுவந்து தந்தான். பிரேமிளா கோபத்தில் கட்டை மேசையில் போட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து முதல் பாகத்தைத் திரும்பக் கேட்டாள். முடிவில் ஏமாந்தவர்கள் முதல் பாகத்தைக் கேட்டு வரமாட்டார்கள். விமலேஸ்வரிக்கு வாயூறியது.

கடைசி ஆள் கையெழுத்து வைத்துக் கொடுத்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். அவளுடைய முறை வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது பெயருக்கு நேரே வெறுமை. அதைத் தாண்டி வாசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைவரை அவள் பொறுக்கவும் இல்லை, சைக்கிளை எடுத்தாள்.

சிவலட்சுமி கொட்டில் வாசலில் இருந்து கச்சான் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, நான் ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு அவன் வந்து கேட்டவன். நான்தான் ரெண்டு நாள் பொறு எண்டு அனுப்பினனான்.”

“தெரியும்மா. வந்து சொன்னான். சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளுன்னு விரல மடக்கிக்கிட்டே படுத்தான்.” சிவலட்சுமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அந்தப் புத்தகமா? படிங்க. நானும் கேக்கணும்.”

விமலேஸ்வரி வாசித்தாள். முடிவு இருவருக்குமே தெரியாது. முகிலன் வரவில்லை. புயலில் கவிழ்ந்த இன்னொரு தோணிக்காரரைக் கரை சேர்த்துவிட்டு அவன் கடலோடு போயிருந்தான். அவன் பிழைக்க வைத்த கிழவனைத் தாரகை கடைசியில் கண்டுபிடிக்கிறாள். ஊருக்குத் திரும்பி வருகிறாள். இருட்டுப் படிகளில் ஏறி, அண்ணனுக்காக மணியை அவளே அடிக்கிறாள். ஊர் முழுவதும் வெளியே வந்து நிற்கிறது. அந்த இடத்தில் விமலேஸ்வரி வாசிப்பை நிறுத்தினாள். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை வாசித்தாள்.



“அடிச்சிருச்சு” என்றாள் சிவலட்சுமி. “வந்துட்டான்னு எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேம்மா.”

“அக்கா, அவன்ர பேருக்கு நேரை இடம் கிடக்கு.”

“எனக்குக் கையெழுத்துத் தெரியாதே.”

சொல்லிவிட்டு அவளே எழுந்து போனாள். சோற்றுப் பானையின் அடியில் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டு வந்து, இது எந்த இடம் என்று கேட்டு, மகனின் பெயருக்கு நேரே அழுத்தி வைத்தாள். விமலேஸ்வரி சிந்திய கரியை ஊதிவிட்டு, ஒன்பதாவது பெயருக்கு நேரே தன் கையெழுத்தை வைத்தாள்.