பெருந்துறைக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு கூரியர் ஆபீசுக்கு போன் செய்து, ஒரு ரைஃபிள் மதுரைக்குப் போகவேண்டும், கிலோவுக்கு என்ன ரேட் என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மறுபடி அடித்தேன். இந்த முறை அவர் மிகவும் நிதானமாக என் பெயரையும் முகவரியையும் கேட்டார். அதற்குள் முதலாளி பர்வீன் மேடம் போனை வாங்கி, லைசென்ஸ் பெற்ற கடை என்று விளக்கி, ஒருவழியாகச் சமாதானம் செய்து வைத்தார்.

"சுந்தரண்ணா, இதைக் கூரியர்ல போடமுடியாது. ரேட் கேக்கறதே தப்பாப் போயிரும்," என்றார்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் இதே கோயமுத்தூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவன் நான். எடை என்ன, தூரம் என்ன என்று தெரிந்தால் போதும், வாடகை சொல்லிவிடுவேன். அந்த ஆபீசை மூடியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. மேடத்துக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அப்பாவின் கடையை ஏற்று நடத்திக்கொண்டிருந்தார். சரக்கு அனுப்பத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

எடைக்கு மரியாதை இல்லை

எங்கள் கடைக்குப் புதுத் துப்பாக்கி விற்பதைவிட இன்னொரு வேலை அதிகம். லைசென்ஸ் உள்ள ஒருவர், லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குத் தன்னுடையதை விற்பார். விலையை அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். கைமாற்றுவதுதான் கஷ்டம். இரண்டு பேருடைய லைசென்சும் சரியாக இருக்கவேண்டும், கலெக்டர் ஆபீசில் அனுமதி வாங்கவேண்டும், எடுத்துப்போகப் பெர்மிட் வேண்டும். அதுவரை துப்பாக்கி எங்கள் ஸ்டிராங் ரூமில் டெபாசிட்டில் இருக்கும்.

பெர்மிட் வந்த பிறகு செலவு ஆரம்பிக்கும். குழலையும் தோளில் வைக்கும் மரக்கட்டையையும் கழற்றித் தனித்தனிப் பெட்டியில் ஃபோம் வைத்து அடைக்கவேண்டும், பூட்டுப் போடவேண்டும். தோட்டா ஒன்றுகூட உடன் போகக்கூடாது. பஸ்ஸில் வைத்துப் போவதை மேடம் அனுமதிக்கமாட்டார், எனவே தனி வண்டி. வண்டியில் நானும் டிரைவரும். போகிற வழியில் எங்கும் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒன்றாக இறங்கக்கூடாது. ஆகவே ஓட்டலில்கூட ஒருவர் சாப்பிட்டு வந்த பிறகுதான் மற்றவர் போவார். மூன்று கிலோ சாமானுக்கு ஒரு டன் சரக்கின் வாடகை ஆகும். பில்லைப் பார்த்து முகம் சுளிக்காத வாடிக்கையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வாங்குபவரே தன் லைசென்சுடன் வந்து பெற்றுக்கொண்டால் இந்தச் செலவு எதுவும் இல்லை. ஆனால் எல்லோராலும் வரமுடியாது.

நாச்சிமுத்து அய்யாவும் வித்யாவும்

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நாச்சிமுத்து அய்யாவுக்கு எழுபத்து நான்கு வயது. அந்தக் காலத்தில் போட்டிகளில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பரிசு வாங்கியவர். மேலும் கீழுமாக இரட்டைக் குழல் கொண்ட அவருடைய துப்பாக்கி, வெளிநாட்டில் செய்தது. தோள் வலி வந்ததால் விற்க முடிவு செய்தார். வாங்கியவர் வித்யா, பெருந்துறையில் ஒரு தனியார் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. அதுவரை இரவல் துப்பாக்கியில் பழகிக்கொண்டிருந்தவர். மூன்று வருடச் சேமிப்பில் வாங்கினார்.

பெருந்துறைக்குக் கொண்டுபோய்த் தர ஆகும் செலவை வித்யாவுக்குப் போனில் சொன்னேன். "ஏனுங்கண்ணா, எண்பது கிலோமீட்டருக்கு இத்தனையாங்க? நான் பஸ்ல வந்தா நூறு ரூவாகூட ஆகாதுங்க," என்றார். வந்துவிடுங்களேன் என்றேன். போட்டிக்குப் போவதற்காக லீவைச் சேர்த்து வைத்திருப்பதாகவும், வேலைநாளில் வரமுடியாது என்றும் சொன்னார். சனிக்கிழமை பெர்மிட் கையில் இருக்கும் என்று என்னாலும் உறுதி சொல்லமுடியவில்லை.

பாதிச் செலவைத் தான் ஏற்பதாக நாச்சிமுத்து அய்யா சொன்னார். பெரியவர் காசு கொடுப்பதா என்று வித்யா மறுத்தார். சின்னப் பிள்ளையிடம் வாங்குவதா என்று இவர் மறுத்தார். இரண்டு நாள் இந்த உபசாரம் என் போன் வழியாகவே நடந்தது. கடைசியில் பாதிப் பாதி என்று நானே எழுதிக்கொண்டேன்.

துப்பாக்கியை டெபாசிட் செய்ய வந்த அன்று, நாச்சிமுத்து அய்யா தானே எழுதிக் கொண்டுவந்த விண்ணப்பத்தை நீட்டி, துப்பாக்கியின் நம்பரையும் கணீரென்று சொன்னார்: நாலு, சுழி, எட்டு, எட்டு, ஆறு. லைசென்ஸ் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். பழைய மை வேர்வையில் ஊறியிருந்தாலும் எட்டு மாதிரிதான் இருந்தது. கடையில் கூட்டம். பெட்டியைத் திறந்து துப்பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன், அதன் மேல் வெட்டியிருந்த நம்பரைப் பார்க்கவில்லை. சரிபார்த்தாயிற்று என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

அனுமதியும் பெர்மிட்டும் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வரும்போது வித்யாவின் போட்டிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

சாக்பீஸ்

அது வியாழக்கிழமை. காலையில் பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். வெளியே வண்டி தயாராக நின்றது. குழலைக் கழற்றியபோது நம்பர் மேல் அழுக்குப் படிந்திருந்தது. துடைத்து, சாக்பீஸைத் தேய்த்து, விரலால் வழித்தேன். வெட்டின பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. நான்கு, சுழி, எட்டு, மூன்று, ஆறு.

மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்றாகவே இருந்தது.

பெர்மிட்டில் இருக்கும் துப்பாக்கி உலகத்திலேயே இல்லை. கையில் இருக்கும் துப்பாக்கிக்குப் பெர்மிட் இல்லை. ரெஜிஸ்டரில் என் கையெழுத்து இருக்கிறது.

வித்யாவுக்குத் தாமதமாகும் என்று சொன்னபோது, "ஒரு நம்பர்தானுங்கண்ணா, யாரு பாக்கப் போறாங்க," என்றார். அவசரத்தில் வந்த வார்த்தை. வழியில் யாராவது பார்த்தால் அது கள்ளத் துப்பாக்கி என்றுதான் ஆகும், உங்கள் லைசென்சும் போகும் என்றேன். "செரிங்கண்ணா, நேராவே வரட்டுங்க," என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் நாள் முழுக்க என்னுடனே இருந்தது.

பர்வீன் மேடத்திடம் போய், தப்பு என்னுடையது, பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் சாக்பீஸ் தடவிய நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ சொல்லுங்கண்ணா. குடிச்சிட்டு, இப்ப எங்கிட்டச் சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்துருவோம்," என்றார்.

கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. கடைக்கு நேரில் பார்க்க வந்தார். நாச்சிமுத்து அய்யாவும் வந்திருந்தார். தப்பு நடந்திருக்க வழியே இல்லை என்று அவர் உறுதியாக நின்றார். எஸ்.ஐ. துப்பாக்கியை அவர் பக்கம் திருப்பி, நீங்களே படியுங்கள் என்றார். அவர் குனியாமல், கண்ணைச் சுருக்காமல், மனப்பாடமாகச் சொன்னார். எட்டு, எட்டு.

"அய்யா, வெரல வெச்சுக் காட்டுங்க," என்றார் எஸ்.ஐ.

அவருடைய விரல் நம்பருக்குப் பக்கத்தில் வெறும் இரும்பின் மேல் நின்றது. அவரே விரலை எடுத்துக்கொண்டார்.

"தெரிய மாட்டீங்குதுங்க. ஒரு வருசமாவே பொகை போட்டாப்ல இருக்குது. புத்தகத்துல எட்டுன்னு தெரிஞ்சதத்தான் எழுதிக் குடுத்தனுங்க. ஊட்ல சொன்னா வண்டிச் சாவியப் புடுங்கிப் போடுவாங்கன்னு சொல்லலீங்க," என்றார்.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். மகன்தான் கூட்டிவந்தானாம். சொல்லாமலே வீட்டில் தெரிந்து, சாவி பிடுங்கி ஒரு மாதம் ஆகிவிட்டதாம். அதற்கு மேல் எங்கள் யாராலும் சிரிக்காமல் இருக்கமுடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கலெக்டர் ஆபீசின் பழைய பதிவேட்டில் மூன்று தெளிவாக இருந்தது, அதனால் பிழைத்தோம். திருத்திய பேப்பர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தன. மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. வித்யாவே தன் அண்ணனின் காரில் லைசென்சுடன் வந்துவிட்டார். தனி வண்டி இல்லை, நான் இல்லை, பாதிப் பாதி கணக்கும் இல்லை. அத்தனை கஷ்டப்பட்டு நான் போட்ட எஸ்டிமேட்டை மேடம் கிழித்துப் போட்டார்.

இந்தத் துப்பாக்கியின் கீழ்க் குழல் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால்தான் ஆகும் என்று, மகனுடன் கடைக்கு வந்திருந்த நாச்சிமுத்து அய்யாவும் காரில் ஏறிக்கொண்டார். ஈரோட்டில் மகள் வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன் என்று மகனிடம் சொன்னார். ஞாயிறு முழுக்கப் பயிற்சி. திங்கட்கிழமை போட்டி. கைப்பழக்கம் வராத துப்பாக்கியை வைத்துக்கொண்டு வித்யா ஐந்தாவதாக வந்தார்.

அன்று மாலை நாச்சிமுத்து அய்யா எனக்குப் போன் செய்தார். பரிசு வரவில்லை என்ற வருத்தமெல்லாம் அவருக்கு இல்லை.

"தம்பி, கோயமுத்தூர்ல நல்ல கண்ணாஸ்பத்திரி எதுங்க? அந்தப் புள்ள சுடறது காதுல கேக்குது. தட்டு ஒடையறது தெரிய மாட்டீங்குதுங்க. அடுத்த போட்டிக்குள்ள ஆபரேசன் பண்ணிப்போடோணும்," என்றார்.

இப்போது கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தத் துப்பாக்கி வந்தாலும் இரண்டு பேர் தனித்தனியாக, பேப்பரைப் பார்க்காமல், இரும்பில் இருக்கும் நம்பரைப் படித்து எழுதவேண்டும். பிறகுதான் பேப்பரைத் திறக்கவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் பொருளைப் படியுங்கள், அப்புறம் காகிதத்தைப் படியுங்கள். வயதானவர் கணீரென்று சொல்லிவிட்டார் என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். 'படிக்க முடியுதுங்களா' என்று கேட்டால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. அந்த இரண்டு வார்த்தையை அன்று நான் கேட்டிருந்தால், அவர் இரண்டு மாதம் முன்னாலேயே கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருப்பார், வித்யா சுட்ட தட்டு உடைவதும் தெரிந்திருக்கும்.